மரத்தளம் போடுமுன் காற்றைக் கேளுங்கள்

பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி பிறந்ததும் கிழக்கேயிருந்து வீசத் தொடங்கும் காற்றைப் பற்றி இங்கே வாழும் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உதடு வெடிக்கும். குதிகால் பிளக்கும். கொடியில் போட்ட வேட்டி அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். அந்தக் காற்று மனிதத் தோலை மட்டுமல்ல, மரப் பலகையையும் ஒரு கை பார்க்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது சொந்தக் காசைச் செலவழித்த பிறகுதான்.

கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டியபோது மாடியில் ஓர் அறைக்காவது மரத்தளம் போட வேண்டும் என்று ஆசை. சேமநல நிதியிலிருந்து எடுத்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆடி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். ஓர் அறுவை மில்லில் ஐந்தங்குல அகலத் தேக்குப் பலகைகளை வாங்கி வந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் நெருக்கமாக அடித்தாயிற்று. ஆவணியில் கிரகப்பிரவேசம். வந்தவர்கள் எல்லோரும் வெறுங்காலால் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

பொங்கல் கழிந்த வாரம், சட்டைப் பையிலிருந்து தவறிய பத்து ரூபாய் நாணயம் ஒன்று உருண்டு போய் இரண்டு பலகைகளுக்கு நடுவே விழுந்து மறைந்தது. குனிந்து பார்த்தால் அறை முழுவதும் இடுக்கு. ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அறையில் 24 பலகைகள். கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய மூன்று அங்குல மரம் காணாமல் போயிருந்தது!

அடுத்த தெருவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அவர் விவரமானவர். சூளையில் வைத்து உலர்த்திய நல்ல பலகையாகப் பார்த்து வாங்கினார். மாசி மாதம், நல்ல வெயிலில், சுவருக்குச் சுவர் ஒரு நூல்கூட இடைவெளி விடாமல் இறுக்கி அடித்தார். ஆனி மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பலகைகள் ஊதி, போக இடமில்லாமல், அறையின் நடுவே கூடாரம்போல் எழும்பி நின்றன. கட்டிலின் ஒரு கால் அந்தரத்தில்!

என் பலகை ஈரமாக இருந்தது. அவர் பலகை உலர்ந்து இருந்தது. இரண்டு பேருக்கும் பணம் போனது. ஆகவே, "எந்த மரம் நல்லது?" என்ற கேள்வியோடு கடைக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பலகை எவ்வளவு உலர்ந்திருக்கிறது? நான் இதை எந்த மாதத்தில் அடிக்கப் போகிறேன்?

கதவு சொல்லும் பாடம்

மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதையும், கோடையில் அதே கதவு தாராளமாக மூடுவதையும் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். தளம் என்பது படுக்க வைத்த முப்பது கதவுகள். அவ்வளவுதான் விஷயம்.

வெட்டிய பச்சை மரத்தில் முதலில் வெளியேறுவது நாளங்களுக்குள் நிற்கும் தண்ணீர். அது போகும்வரை மரம் சுருங்குவதில்லை. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இழைகளே வற்றிச் சுருங்கத் தொடங்குகின்றன. அதன் பிறகு எத்தனை ஆண்டு ஆனாலும், சுற்றியுள்ள காற்று உலர்ந்தால் மரம் ஈரத்தை விடும். காற்று நனைந்தால் திரும்பக் குடிக்கும். நீளவாட்டில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். எல்லாம் அகலவாட்டில்தான்.

இருக்கிற மரங்களில் அடக்கமானது என்று பெயர் வாங்கிய தேக்கே, ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் 100 மி.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆடிக்கும் மாசிக்கும் இடையே ஈரம் ஏழு சதவீதம் மாறினால், நான்கங்குலப் பலகையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். இது சாதாரணமாக அறுத்த பலகைக்கு. மரத்தின் நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் வெளிநோக்கி அறுத்த பலகையானால் இதில் பாதிதான் அசையும். பலகையின் முனையில் வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அது அப்படி அறுத்தது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த அறுப்பில் மரம் வீணாவது அதிகம். ஆகவே மில்காரர்கள் தாமாகச் செய்து தரமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

அகலப் பலகைதான் அழகு என்று எட்டங்குலம், பத்தங்குலம் தேடுகிறவர்கள் உண்டு. எட்டங்குலப் பலகையில் இடுக்கும் இரட்டிப்பு. மூன்று அல்லது நான்கு அங்குலம் போதும். விலையும் குறைவு.

பலகையில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 287 என்ற விதியை வைத்திருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தின் ஆண்டுச் சராசரியை வைத்து நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 67 சதவீதத்துக்கு மேல் போனால் நான்காவது மண்டலம். ஆனால் நம் கணவாயில் சராசரி என்பது ஏமாற்றுக் கணக்கு. ஆறு மாதம் நனைந்து, மூன்று மாதம் வறுபடும் ஊரில் சராசரியைப் பார்த்தா மரம் சுருங்கும்?

இடுக்கியிலும் ஒரே கணக்கு இல்லை. மூணாறில் மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும். அங்கிருந்து சுமார் 40 கி.மீ. வடகிழக்கே இறங்கினால் மறையூர். மழை மறைவுப் பிரதேசம். இன்னும் இறங்கிச் சின்னாறு வந்தால் முள்ளும் வெயிலும். மூணாறு ஆசாரி சொன்ன அளவை மறையூரில் அடித்தால் பலிக்காது.

பங்களாவும் மச்சும்

மரத்தளம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கல்பாத்தி அக்ரகாரத்துப் பழைய வீடுகளில் மேல்தளம் உத்திரத்தின் மேல் பாவிய பலகைதான். மச்சில் யார் நடந்தாலும் கீழே கூடத்தில் படுத்திருப்பவருக்கு நடப்பது தாத்தாவா பேரனா என்று தெரிந்துவிடும். கேரளத்து நாலுகெட்டுகளில் நெல் கொட்டும் அறையின் தரையையும் தரையிலிருந்து தூக்கிப் பலகையால்தான் போட்டார்கள். நெல்லுக்கு ஈரம் ஏறக்கூடாது என்ற கவலை, மனிதனுக்கு முன்பே நெல்லுக்கு மரத்தளம் வாங்கித் தந்திருக்கிறது.

மூணாறு எஸ்டேட்டுகளின் கதை வேறு. கண்ணன் தேவன் மலைக் கம்பெனி 1897-இல் அமைந்தபின், துரைமார் பங்களாக்களில் குளிருக்காகப் பலகைத் தளம் போட்டுக்கொண்டார்கள். போடியிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்குக் கம்பிவடத்தில் சாமான்கள் மேலேறிய காலம் அது. அந்தத் தளங்களுக்கு மெழுகு தேய்த்துத் துடைத்தவர்கள் நம்மவர்கள். மெழுகு தேய்த்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனது லயத்துச் சிமெண்டுத் தரைக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஆகவே போடிமெட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நாலு சென்ட் வாங்கி ஒருவர் வீடு கட்டும்போது, "எனக்கும் ஓர் அறைக்குப் பலகை போடு" என்று பிள்ளைகளிடம் சொன்னால் அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆசைக்குப் பின்னால் முப்பது வருஷம் முழங்காலிட்டுத் தேய்த்த தளம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஒரு முறைதான் கைக்கு வரும். அதனால்தான் இத்தனை விவரம்.

அந்தப் பழைய தளங்களில் கற்றுக்கொள்ள வேண்டியது மெழுகின் பளபளப்பை அல்ல. பழைய முறையில், கீழ்த்தளத்துப் பலகை நேராக மண்ணின் மேலோ சிமெண்டின் மேலோ உட்காராது. அடியில் இடம் விட்டு, சட்டங்களின் மேல் பலகை நிற்கும். கீழே சுவரில் காற்று போகத் துளை வைத்திருப்பார்கள். எலி புகாமல் அதற்குக் கம்பி வலை. பலகைக்கு மேலும் கீழும் ஒரே காற்று. நூற்றாண்டு தாங்குவதன் ரகசியம் மரத்தின் ஜாதியில் பாதி, அந்தத் துளையில் பாதி.

எந்த மரம்?

தேக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். நம் பாலக்காட்டு மாவட்டத்துக்குள்ளேயே, பொள்ளாச்சி சேத்துமடை வழியாகத்தான் போக முடிகிற பரம்பிக்குளத்தில், கன்னிமரா தேக்கு நிற்கிறது. சுற்றளவு சுமார் 7 மீட்டர். உயரம் 40 மீட்டருக்குக் கிட்ட. அதன் கூட்டாளிகள் எல்லாம் எங்கே போயின? 1907 முதல் 1963 வரை ஓடிய கொச்சி வன டிராம்வே, பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரங்களை இறக்கிக்கொண்டே இருந்தது. வடக்கே நிலம்பூரில், மலபார் கலெக்டராக இருந்த கானொலி 1840-களில் நட்டுத் தொடங்கிய தோட்டத் தேக்கு, உலகப் புகழ் பெற்றது.

தேக்கின் பெருமை பலத்தில் இல்லை. அதைவிடக் கடினமான மரங்கள் எத்தனையோ. அதன் பெருமை அடக்கத்தில். குறைவாகச் சுருங்கும், முறுக்காது, கரையான் சுலபத்தில் அண்டாது. ஆனால் இந்தக் குணம் எல்லாம் நடுவில் உள்ள வைரத்துக்குத்தான். வெளிப்புற வெள்ளைக்குக் கிடையாது. வைரப் பகுதிக்கு மலையாளத்து ஆசாரிகள் சொல்லும் பெயர் "காதல்". "காதல் உள்ள மரமாகப் பார்த்து எடுங்கள்" என்று ஓர் ஆசாரி என்னிடம் சொன்னபோது நான் முழித்த முழியை அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். இளம் தேக்கில் பாதிக்குமேல் வெள்ளைதான். அதை வாங்கிப் போட்டுவிட்டுத் தேக்குத் தளம் என்று சொல்லிக்கொள்ளலாம். கரையானுக்கு அந்தப் பெயர் தெரியாது.

நம் வருமானத்துக்கு ஏற்றவை வேறு இருக்கின்றன. அயினி மரம், இங்கே ஆஞ்ஞிலி என்கிறார்கள், படகுக்கே பயன்பட்டது. நன்றாக உலர்ந்ததானால் தளத்துக்குத் தாராளமாகப் போடலாம். பலா, தொடக்கத்தில் மஞ்சளாக இருந்து வருஷம் போகப் போகத் தேன் நிறமாகக் கறுக்கும். எனக்குத் தேக்கைவிடப் பலாவின் நிறமே பிடிக்கும். பல வீடுகளில் கொல்லையிலேயே நிற்கும் மரம் அல்லவா? இருள் மரம் மகா கடினம். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகப் போட்டது. காலுக்குத் தேயாது, ஆனால் ஆணி இறங்காது, முதலில் துளை போட்டாக வேண்டும். ஆசாரி கூலியில் அது தெரியும். வேங்கையின் வைரம் நல்ல வைரம்தான், எனினும் ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் விடும். தண்ணீர் சிந்தும் இடத்துக்கு ஆகாது.

எஸ்டேட் பக்கம் சில்வர் ஓக் பலகை மலிவாகக் கிடைக்கும். பெயரில் ஓக் இருக்கிறதே தவிர அது ஓக் அல்ல. தேயிலைக்கு நிழல் தருவதற்காகக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரம். நன்றாக உலர்த்தாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் மரமும் அப்படித்தான்: வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தியதானால் வாங்கலாம். மருந்து ஏற்றாத ரப்பர் பலகை விறகு விலைக்கும் வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் சிபாரிசு செய்வது பழைய வீட்டு மரம். கேரளத்தில் பழைய தறவாடுகளும் வீடுகளும் இடிபடும்போது உத்திரம், மச்சுப் பலகை, நிலை எல்லாம் தனியாக விலைக்கு வருகின்றன. அதை மட்டுமே வாங்கி விற்கும் கடைகளும் இருக்கின்றன. ஐம்பது, அறுபது ஆடியும் தையும் பார்த்த மரம். முதல் உலர்வில் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். பழைய ஆணிகளைப் பிடுங்கிக் காந்தத்தால் தடவிப் பார்க்காமல் மில்லுக்கு அனுப்பினால் மட்டும் வாள் உடைந்து சண்டை வரும்.

கோயம்புத்தூர்க் கடைகளில் "உட்டன் ஃப்ளோரிங்" என்று பெட்டியில் அடைத்து விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலகையின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே மரமாக இருந்தால் அது பலகை. மேலே சில மில்லிமீட்டர் நல்ல மரம் ஒட்டி, அடியில் பிளைவுட் அடுக்கு தெரிந்தால் அது என்ஜினியர்டு வுட். குறைவாக அசையும், மோசமில்லை. மேலே வழவழப்பான படம், உள்ளே மரத்தூள் அழுத்திய அட்டை என்றால் அது லேமினேட். மரத்தின் போட்டோவைத் தரையில் ஒட்டுவதுபோல. அதற்கும் ஓர் உபயோகம் உண்டு. ஆனால் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிப்போகும். இழைத்துச் சீர் செய்யவும் முடியாது.

பட்டயம், பாஸ், பில்

இடுக்கிக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிப்பது நல்லது. பட்டயம் கிடைத்த நிலத்தில் நிற்கும் மரமெல்லாம் நம்முடையது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1964-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கிடைத்த பட்டய பூமியில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி போன்ற "ராஜ மரங்கள்" அரசுக்கென்று ஒதுக்கப்பட்டவை. 2020 அக்டோபரில் வந்த ஓர் உத்தரவைக் காட்டிப் பல இடங்களில் மரங்கள் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வயநாட்டு முட்டிலில் வெட்டிய ஈட்டி மரங்கள் பெரிய வழக்காகின. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலமலைக் காடுகளில் மரம் வெட்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள். கொல்லைப் பலாவும் மற்றவையும் ஒருபுறம் இருக்க, பெயர் பெற்ற மரத்தில் கோடரி வைக்குமுன் கிராம அலுவலகத்திலும் வன அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் போன வருஷம் பக்கத்து வீட்டார் வெட்டினார் என்பது ஆதாரமாகாது.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பில் இல்லாத மரம் மலிவாகக் கிடைத்தால் அது ஏன் மலிவு என்று யோசிக்க வேண்டும். வனத்துறை டிப்போவிலிருந்து வந்த தடியில் சுத்தியால் அடித்த முத்திரை இருக்கும். வாளையாறில் கேரள வனத்துறையின் மர டிப்போ இருக்கிறது. ஏலம் தவிர, சில அரசு டிப்போக்களில் வீடு கட்டுகிறவர்களுக்கென்று சில்லறையாகவும் தேக்கு விற்பார்கள். கட்டட அனுமதி, பிளான் நகல், அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள். நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குக் காகிதம் சேர்ப்பது கஷ்டமா என்ன?

வாளையாறோ, கம்பம்மெட்டோ, போடிமெட்டோ, குமுளியோ, மாநில எல்லை தாண்டி மரம் கொண்டுபோவதென்றால் வனத்துறை பாஸ் வேண்டியிருக்கும். தேனிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் லாரி பேசுமுன் பாஸை முடித்துக்கொள்ள வேண்டும்.

தராசுச் சாட்சி

"நல்லா காய்ஞ்ச மரம் சார், ஆறு மாசம் ஆச்சு" என்று மில்லில் சொல்வார்கள். ஆறு மாதம் எங்கே கிடந்தது? மழையிலா, கூரைக்குக் கீழா? தடியாகவா, பலகையாகவா? தடியாக ஆறு மாதம் கிடந்தது உலர்ந்ததில் சேராது.

ஈரம் பார்க்கும் சிறு மீட்டர் இருக்கிறது. இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் எண் தெரியும். ஒப்பந்தக்காரரிடம் இருந்தால் கேட்டு, பலகையை வெட்டி நடுவில் குத்திப் பாருங்கள்; மேல்தோல் பொய் சொல்லும். மீட்டர் இல்லையென்றால் மளிகைக்கடைத் தராசு போதும். வாங்கப்போகும் பலகைகளில் நாலைந்திலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டி வாங்குங்கள். கிராம் கணக்கில் எடை போட்டு, தேதியுடன் துண்டின் மேலேயே எழுதி, வீட்டில் காற்றாடும் இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை. மூன்று வாரத்தில் ஒரு கிலோ துண்டு 950 கிராமுக்கு இறங்கினால், மீதிப் பலகையும் அப்படியே இறங்கப்போகிறது என்று அர்த்தம். எடை நிலைத்து நின்றால் வாங்கலாம். ஆடியில் நான் இதைச் செய்திருந்தால் நாணயம் மிச்சமாகியிருக்கும்.

வாங்கிய பலகையை உடனே அடிக்க வேண்டாம். தளம் போடப்போகும் அதே அறையில், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே சிறு குச்சி வைத்துக் காற்றுப் போகும்படி அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது வைக்க வேண்டும். பூச்சு வேலை முடிந்து, சுவர் உலர்ந்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் இதெல்லாம். ஈரச் சுவருள்ள அறையில் உலர்ந்த பலகையை அடுக்கினால் அது திரும்பத் தண்ணீர் குடித்துவிடும்.

அடிக்கும் முறை

மாதம்: மழையின் உச்சமும் வேண்டாம், கிழக்குக் காற்றின் உச்சமும் வேண்டாம். கணவாய்ப் பகுதிக்கு ஐப்பசி முடிவும் கார்த்திகையும் நடுத்தரம் என்பது என் அனுபவ யோசனை. மூணாறு பக்கம் மாசி, பங்குனி கிடைத்தால் நல்லது. ஆனால் அங்கே மழைக்கு ஊதுவதற்குத் தாராளமாக இடம் விட வேண்டும்.

அடித்தளம்: புதுக் கான்கிரீட் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்தாலோ, சிமெண்டு கறுத்திருந்தாலோ பொறுத்திருங்கள். கீழ்த்தளம் என்றால் கான்கிரீட்டுக்கு அடியிலேயே பாலிதீன் போட்டிருக்க வேண்டும். கரையான் மருந்து அஸ்திவாரத்திலேயே அடித்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாத கீழ்த்தளத்தில் மரத்தளம் போடுவது கரையானுக்கு விருந்து வைப்பதுதான்.

சட்டம்: ரசமட்டம் பார்த்து, ஓர் அடி முதல் ஒன்றேகால் அடிக்கு ஒன்றாகச் சட்டம் பதிக்க வேண்டும். சட்டமும் பலகையைப் போலவே உலர்ந்ததாக இருக்க வேண்டும். நல்ல பலகையை வாங்கிவிட்டு, அடியில் யாருக்கும் தெரியாது என்று சென்டரிங் கட்டையைப் போடுகிறவர்கள் உண்டு. நடக்கும்போது கிறீச் கிறீச் என்று அது காட்டிக்கொடுக்கும்.

பலகை: ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி இழைத்த பலகைதான் வேண்டும். என் வீட்டில் செய்ததுபோல் வெறும் விளிம்பு வேண்டாம். நாக்கும் காடியும் இருந்தால் தையில் இடுக்கு விழுந்தாலும் அடி தெரியாது. தூசியும் நாணயமும் இறங்காது. நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்தால் அடுத்த பலகை அதை மூடிக்கொள்ளும். ஒரு பலகைக்கு ஒரு விளிம்பில் மட்டுமே ஆணி இருப்பதால் மற்ற விளிம்பு தாராளமாக அசையும், மரம் பிளக்காது. பலகையின் அடிப்புறத்துக்கும் ஒரு பூச்சு எண்ணெய் கொடுத்துவிடுவது நல்லது. மேலே மட்டும் பூசினால் அடியில் ஈரம் ஏறிப் பலகை கிண்ணம்போல் வளையும்.

சுவர் ஓரம்: நான்கு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி. என் நண்பர் விடாதது இதைத்தான். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் பலகையால் மூடிவிடலாம். ஸ்கர்ட்டிங்கின் ஆணி சுவரில் இறங்க வேண்டும். தளத்தில் இறங்கினால் இடைவெளி விட்டதற்கே பொருளில்லாமல் போகும். ஆசாரியிடம் இதை வாயால் சொன்னால் போதாது. அடிக்கும் அன்று லீவு போட்டு, அருகில் நின்று பார்க்க வேண்டும்.

மேல்பூச்சுக்கு ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும் பழைய வழி. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துச் சரி செய்யலாம். ஆனால் வருஷாவருஷம் வேலை. பாலியூரித்தேன் பூச்சு உழைக்கும். தேய்ந்தால் அறை முழுவதையும் இழைத்துத்தான் மறுபடி பூச வேண்டும். வீட்டில் துடைக்கிறவர் யாரோ அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை அந்த அறையில் விட்டுவிட வேண்டும். பிழிந்த துணி போதும். இதைச் சொல்லி என் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஒரு வருஷம் ஆயிற்று.

எங்கே வேண்டாம்?

சமையலறை, குளியலறை வாசல், பூஜையறை மூன்றுக்கும் வேண்டாம். பூஜையறையில் எண்ணெயும் அபிஷேக நீரும் சிந்தாமல் இருக்காது. பாலக்காட்டுச் சமவெளியில் கீழ்த்தளக் கூடத்துக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். சித்திரை வெயிலில் வெறும் உடம்போடு படுக்க ரெட் ஆக்ஸைடு தரையின் சுகம் பலகைக்கு வராது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அங்கே கருங்கண்ணாடிபோல் மின்னும் தரையைப் பார்த்திருப்பார்கள். அது மரமே இல்லை. கொட்டாங்கச்சிக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த பூச்சு. மரம் ஏராளமாகக் கிடைத்த ராஜாக்களே தரைக்கு அப்படிப் பூச்சு வைத்திருக்கிறார்கள்.

மலைப்பக்கம் பேச்சே வேறு. தேவிகுளத்திலும் வாகமண்ணிலும் மார்கழி விடியலில் காலைக் கீழே வைக்க முடியாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் படுக்கும் ஓர் அறைக்கு மட்டும் பலகை போட்டால் போதும். பத்துக்குப் பத்து அறையானால் நூறு சதுர அடி. ஓர் அங்குலக் கனத்தில் எட்டரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். கழிவுக்கும் நாக்கு இழைப்புக்கும் சேர்த்துப் பத்து, பதினொரு கன அடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டம் தனி.

என் மாடி அறை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இடுக்குகளை எல்லாம் மக்கு வைத்து அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய ஆசாரி ஒருவர் தடுத்துவிட்டார். "தையில் அடைத்தால் ஆடியில் எங்கே போகும்? தூக்கிக்கொள்ளும்" என்றார். மரம் முழுவதுமாக அடங்கட்டும் என்று இரண்டு தை காத்திருந்தோம். இரண்டாவது தையிலும் இடுக்கு அதே மூன்று மில்லிமீட்டர், கூடவில்லை. அதற்கடுத்த கார்த்திகையில் பலகைகளைக் கழற்றி, விளிம்பில் நாக்கும் காடியும் இழைத்து, நெருக்கி மறுபடி அடித்தோம். இழைத்ததிலும் சுருங்கியதிலும் அகலம் குறைந்து, கடைசியில் ஐந்து பலகை போதாமல் போயிற்று. ஒரு பழைய வீட்டு மச்சிலிருந்து வந்த பலாப் பலகையை வாங்கி அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. ஜன்னலோரம் மட்டும் தேன் நிறமாக இருக்கும். வந்தவர்கள் அது டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் சட்டத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது.